பிள்ளை பிடிகாரி என்று உனக்குப் பெயர் வைத்தவர்

என் தம்பிக்கு மனைவியாய் வந்து, அவனைவிட எனக்கு நெருக்கமாகிப் போன தவத்துக்கு,

உன் வீட்டு வாசலில் பால்காரர் இன்னும் இரண்டு போத்தல் வைத்துவிட்டுப் போகிறார். நிறுத்தச் சொல்ல உன் மகன் குமரனுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. லண்டன் மனோர் பார்க்கில் இருக்கிற என் வீட்டிலிருந்து நடந்து வந்து அதை எடுத்துப் போய்த் தயிர் தோய்க்கிறேன். குளிர் நாளில்கூட நன்றாகப் புளிக்கிறது. நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கல்வெட்டில் வருகிறது. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற அந்த நினைவுப் புத்தகத்தைத் தொகுக்கும் பொறுப்பைக் குமரன் என்னிடம்தான் தந்தான். "மாமி, நீங்கள் ரீச்சர். நீங்களே பாருங்கோ. எனக்கு உந்தத் தமிழ் எழுத வராது" என்றான். ஆகவே இதை நீ மட்டும் வாசிக்கவில்லை. சோறு வரும்வரை புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களும் வாசிக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன்.

உன் செத்தவீட்டில் பலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பழசை மறவுங்கோ ரீச்சர்" என்றார்கள். நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. நான் பொறுமைசாலி என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் பொறுமையையும் மன்னிப்பையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். கடைசி வாங்கிலிருந்து கல்லெறிந்த மாணவனை நான் அன்றைக்கே தண்டித்ததில்லை. தவணை முடிவில் பெற்றோர் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவனை எழுந்து நிற்கச் சொல்வேன். "என்ன எறிஞ்சனி? ஆருக்குப் பட்டது? சொல்லு" என்று கேட்பேன். சத்தம் போடமாட்டேன். அவன் சொல்லும்வரை நானும் நிற்பேன், அவனும் நிற்பான். இந்தக் கல்வெட்டும் எனக்கு ஒரு தவணை முடிவுதான்.

உன் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே வந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு நீ என்ன வேலை செய்தாய் என்று இன்றைக்கும் தெரியாது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அரச அலுவலகத்தில், ரைப் அடித்துப் பழகிய விரல்களோடு இங்கே வந்து, ஒரு கவுன்சிலின் சட்டப் பகுதியில் செயலாளராகச் சேர்ந்தாய். வீட்டில் அடியும் கொடுமையும் அனுபவிக்கிற பிள்ளைகளைப் பாதுகாக்க வழக்குப் போடுகிற பகுதி அது. வழக்கறிஞர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்ததைக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் மிதியை அமத்தி அமத்தி நிறுத்தி, நீ ரைப் அடிப்பாய். கட்டுக் கட்டாகத் தாள்களுக்குப் பக்க எண் போட்டு, இளஞ்சிவப்பு நாடாவால் கட்டிக் கோர்ட்டுக்கு அனுப்புவாய். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் உனக்கு வீடு இல்லை. கிழமை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்த அதிகாரிகள், சனி ஞாயிறில் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிடுமே என்ற பயத்தில் அப்போதுதான் ஓடி வருவார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது. எந்தப் பிள்ளை, எந்த வீடு என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

"இதையெல்லாம் காதாலை கேட்டுக்கொண்டு எப்பிடியடி ரைப் அடிக்கிறாய்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"காதாலை வாறது நேரே விரலுக்குப் போகவேணும் மச்சாள். இடையிலை நெஞ்சிலை நிண்டுதெண்டால் எழுத்துப் பிழைக்கும்" என்றாய். சொல்லிவிட்டு உருளைக்கிழங்குத் தோலை வழமையைவிடத் தடிப்பாகச் சீவினாய்.

எங்கள் சனத்துக்கு நீ 'கவுன்சில் தவம்'. கவுன்சிலிலிருந்து வருகிற கடிதங்களை எல்லோரும் உன்னிடம்தான் கொண்டு வருவார்கள். நீயும் சலிக்காமல் வாசித்துச் சொல்வாய்.

"தவமக்கா, எனக்கும் ஒரு வீடு எடுத்துத் தாங்கோவன்."

"தம்பி, நான் வீடு குடுக்கிற பகுதியிலை இல்லை."

"எல்லாம் ஒரு கவுன்சில்தானேயக்கா! பக்கத்து மேசைக்காரனிட்டை ஒரு சொல்லுச் சொன்னாச் சரிதானே!"

இப்படிக் கேட்டவர்கள்தான் பிறகு உன்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

இனி அவருக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். பெயர் எழுதமாட்டேன், தலைவர் என்றால் போதும். சங்க மண்டபத்தின் சாவியும் ஒலிவாங்கியும் அன்றைக்கும் அவர் கையில்தான், இன்றைக்கும் அவர் கையில்தான். எண்பதுகளில் ஊரில் நிலைமை மோசமானபோது, தன் தம்பியின் மகளை லண்டனுக்கு எடுப்பித்தார். பத்து வயதுப் பிள்ளை. "படிப்பிச்சு ஆளாக்கிறன்" என்று மேடையிலேயே சொன்னார், நாங்கள் கைதட்டினோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டு வேலை செய்தாள். அடி வாங்கினாள். இவ்வளவையும் எழுத அவள் எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். அந்த வீட்டுக்குள் நடந்ததை இதற்கு மேல் எழுதமாட்டேன், அது அவளுடையது.

அந்த ஆண்டு தலைவரின் சொந்த மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு வந்தது. ஆலாத்தி எடுக்கிற பெண்களில் உன்னையும் ஒருத்தியாகக் கேட்டிருந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் நீயும் நானும் கடை கடையாக ஏறி, நீ மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தாய். சடங்கன்று நீ வரவில்லை. மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டார்கள். "கவுன்சில் தவம் எங்கை?" என்று பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையிடி என்று சொன்னேன். நீ என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாய்.

அடுத்த கிழமை கவுன்சில் ஆட்கள் வந்து அந்தப் பிள்ளையை அழைத்துப் போனார்கள்.

எங்கள் ஆட்களின் கணக்கு எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். ஒரு நல்ல காரியத்துக்கு ஒருத்தி வராமல் விட்டால் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். ஆலாத்தி எடுக்க ஒத்துக்கொண்டுவிட்டு வராமல் விட்டால், அந்த வீட்டோடு உறவு இல்லை என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். தவம் கவுன்சிலில் பிள்ளைகள் பகுதியில் வேலை செய்கிறாள், சடங்குக்கு வரவில்லை, ஒரு கிழமைக்குள் கவுன்சில் வந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? "தவமணிதான் காட்டிக் குடுத்தவள். எங்கட பிள்ளையை வெள்ளைக்காரனிட்டைப் பிடிச்சுக் குடுத்திட்டாள்" என்று முதலில் சொன்னவர் தலைவர். 'பிள்ளை பிடிகாரி' என்ற பெயரையும் அவர்தான் வைத்தார். சங்கக் கூட்டத்தில், சிரித்துக்கொண்டே வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஈஸ்ட் ஹாம் கடையில் நாங்கள் இருவரும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, சோறு தின்ன அடம்பிடித்த தன் பிள்ளையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தி, உன்னைக் கண்டதும் பிள்ளையைக் குனிந்து பார்த்து, "அந்தா, பிள்ளை பிடிகாரி வந்திட்டா. இனிக் குழப்படி செய்வியோ?" என்றாள். நீ கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் வந்திருப்பாள். சாப்பிட்டுவிட்டே போகட்டும்.

என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள், நான் உன் மச்சாள் என்பதற்காக. எனக்குத் தாங்கவில்லை. நீ சமைத்துக்கொண்டு நின்ற குசினிக்கே வந்து கத்தினேன்.

"நீ செய்யேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லடி! ஒரேயொரு சொல்லு!"

"ஏலாது மச்சாள்."

"அப்ப நீதான் செய்தனியோ?"

நீ கோபிக்கவில்லை. என்னைக் கதிரையில் இருத்தினாய். "இண்டைக்கு இவையிட்டை 'நான் இல்லை' எண்டு சொன்னன் எண்டு வையுங்கோ. நாளைக்கு வேறை வீட்டுக் கதையிலை வேறை ஆக்கள் வந்து கேப்பினம். அண்டைக்கு நான் பேசாமல் நிண்டால் அதுக்கு 'ஓம்' எண்டு கருத்து வந்திடும். அதாலை ஒருக்காலும் ஒண்டும் சொல்லக்கூடாது. ஓமும் இல்லை, இல்லையும் இல்லை" என்றாய்.

கோர்ட்டில் சத்தியம் செய்தவர்கள்கூட இப்படி இருந்ததில்லை. எனக்கு அன்றைக்கு உன்மேலும் ஆத்திரந்தான். இப்போது அந்த ஆத்திரம் முழுவதையும் ஒருவருக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன்.

என் தம்பி செத்தபோது நடந்ததை மறந்திருக்கமாட்டாய். செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, அயலட்டைதான் சோறு கொண்டு வரவேண்டும். ஊரில் பகைவன் வீட்டிலிருந்தும் ஒரு சட்டி வரும். உனக்கு இந்த லண்டனில் ஒரு சட்டியும் வரவில்லை. நானும் குமரனும் நீயும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மணி அடித்தது உன் அலுவலகத்து ஐரீன். கையில் சான்விச் தட்டோடு வாசலிலேயே நின்று, "சீஸ் மட்டுந்தான் வைத்திருக்கிறேன், முட்டைகூட இல்லை, இது சரியா?" என்று பயந்து பயந்து கேட்டாள். அந்த ரொட்டித் துண்டுகளை நாங்கள் அழுதுகொண்டு சாப்பிட்டோம். தலைவர் அன்றைக்குச் சங்க மண்டபத்தில் விருந்து வைத்தார் என்று பிறகு அறிந்தேன். அந்த விருந்துக்குப் போனவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன்.

உன் செத்தவீட்டில் ஒலிவாங்கியை முதலில் எடுத்தவர் அவர். யாரும் கேட்கவில்லை. பெரிய மலர்வளையத்தோடு வந்தார், கறுப்புக் கோட்டு. "அமரர் தவமணி அக்கா எங்கள் சமூகத்தின் சொத்து" என்றார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "பாரன், பிள்ளை பிடிகாரிக்கும் பேசுறார். அவற்றை பெருந்தன்மை" என்று குசுகுசுத்தார்கள். அவருடைய பெருந்தன்மை! நான் திரும்பவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஐரீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தலை முழுவதும் நரைத்துவிட்டது. அவளிடம் உனக்கு வைத்த பெயரைச் சொன்னேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. ஒரு பெயரும் சொல்லாமல் இதை மட்டும் சொன்னாள்: ஒருநாள் நீ காதில் மாட்டியபடி அடித்துக்கொண்டிருந்தாயாம். திடீரென்று நிறுத்தினாயாம். எழுந்து போய் மேலதிகாரியின் கதவைத் தட்டி, "இந்த வீட்டாரை எனக்குத் தெரியும்" என்றாயாம். தெரிந்தவர் பெயர் வந்தால் அப்படிச் சொல்ல வேண்டும் என்பது உங்கள் விதி. சொன்னவரிடமிருந்து அந்த வேலையை எடுத்துவிடுவார்கள், வழக்கு முடியும்வரை சொன்னவரும் அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது. மிச்சத்தை அடித்தவள் ஐரீன். அவள் அதை அடிக்கும்போதெல்லாம் நீ குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாயாம், மழை இல்லாவிட்டாலும்.

ஆலாத்தி எடுக்க நீ வராத காரணம் இதுதானா? அந்த மாம்பழ நிறச் சேலையைக்கூட மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே. எவ்வளவு தூரம் கேட்டபிறகு நாடாவை நிறுத்தினாய்? பெயர் வந்த உடனேயா, அல்லது அந்தப் பிள்ளைக்கு நடந்ததும் உன் காதில் விழுந்ததா? கேட்டிருந்தால், அதற்குப் பிறகும் தலைவரைத் தெருவில் கண்டபோது எப்படிக் கைகூப்பினாய்?

ஐரீன் இன்னொன்றும் சொன்னாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோர்ட்டுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு தாளின் பிரதியும் வழக்கில் நின்ற வீட்டாருக்கும் போகுமாம். யார் சொல்லி வழக்குத் தொடங்கியது என்பது உட்பட.

அப்படியென்றால் தலைவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மட்டும் போகாமல் நின்றாள். மாணவி என்றாலும் இருபது வயதைத் தாண்டியவள். கடற்கரை ஊர் ஒன்றில் வெள்ளைக்காரக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்று சொல்லித்தான் தமிழ் எழுதப் படிக்க வந்து சேர்ந்தாள். பேசுகிற தமிழ் பத்து வயதோடு நின்றுபோயிருந்தது. ஊரிலிருக்கிற அம்மாவுக்குத் தன் கையால் கடிதம் எழுத வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஆசை. உன் செத்தவீட்டுக்கு வகுப்புப் பிள்ளைகளோடு அவளும் வந்திருந்தாள்.

"ரீச்சர், ஏன் அவையள் உங்கட மச்சாளைப் பிள்ளை பிடிகாரி எண்டு சொன்னவை?"

நான் கதை முழுவதையும் சொன்னேன். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பிள்ளை நான்தான் ரீச்சர்" என்றாள். "அவ ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். எனக்குக் காய்ச்சல் எண்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனவை. பெரியம்மா மருந்து எடுக்க வெளியிலை போனவ. எனக்கு இங்கிலீஸ் தெரியாது. சட்டையை உயர்த்தி நேர்சுக்கு முதுகைக் காட்டினனான். அவ்வளவுதான்."

தவம், எங்கள் சனம் முழுவதும் சேர்ந்து ஒரு காட்டிக்கொடுத்தவளைத் தேடியது. ஒரு பிள்ளை தானே, தன் முதுகால் சொல்லும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்புகளில் நின்று பழகிய எனக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்ல? ஆனால் அவர்கள் விட்டது பிழை. அவர் சொன்னது பொய். இரண்டுக்கும் விடைத்தாளில் நான் ஒரே புள்ளி போடமாட்டேன்.

போன கிழமை அவர் என் வீட்டுக்கு வந்தார். கல்வெட்டுக்கு அனுதாபச் செய்தி கொண்டு வந்தார், பொன்னாடை போர்த்த படத்தோடு. சங்கத்துக்குக் கவுன்சில் உதவி எடுக்க அலைகிறாராம். உன் பழைய அலுவலகத்து ஆட்களும் முப்பத்தொன்றுக்கு வருவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"ரீச்சர், முன்பக்கமாப் பாத்துப் போடுங்கோ. ஐயற்றை ஆசியுரைக்கு முன்னுக்கு."

"கடவுள் படத்துக்கும் முன்னுக்கோ?"

"சீச்சீ. கடவுளுக்குப் பிறகு, ஐயருக்கு முன்னுக்கு."

செய்தியை வாசித்தேன். 'எமது பிள்ளைகளுக்காகத் தம் வாழ்வையே ஈந்த அம்மையார்' என்று தொடங்கியது. நான் தேநீர் ஊற்ற எழுந்தேன். உள்ளே அந்தப் பிள்ளை இருந்தாள். இந்தக் கடிதத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று பார்த்துத் தர வந்திருந்தாள். முன்னறைக்கு வரவேண்டாம், பின்கதவால் போ என்று கண்ணால் காட்டினேன். அவள் கேட்கவில்லை. தானே தேநீர் ஊற்றிக் கோப்பையோடு வந்தாள்.

"ஆர் பிள்ளை இது? முகத்திலை எங்கட பக்கத்துக் களை தெரியுது. எந்த ஊர்?"

"உங்கட ஊர்தான்" என்று கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். "ரெண்டு கரண்டி சீனி, பால் கடைசியா விட்டிருக்கிறன் பெரியப்பா. முந்தின மாதிரித்தான்."

அவர் கை கோப்பையின் காதில் அப்படியே நின்றது.

"நான்தான் சொன்னனான்" என்றாள் அவள். "அவ இல்லை."

அவர் அவளைப் பார்க்கவேயில்லை, தவம். என்னைப் பார்த்தார். "ரீச்சர், உதென்ன விளையாட்டு?"

"கோர்ட்டாலை வந்த தாளுகளை வாசிச்சனீங்கள்தானே?" என்று கேட்டேன். "ஆர் சொன்னதெண்டு அதிலை கிடந்ததுதானே?"

நான் காத்திருந்தேன். நாற்பது ஆண்டுகள் பழகிய வேலை, காத்திருப்பது.

"பிள்ளையே சொன்னதெண்டு வெளியிலை சொல்லேலுமே?" என்றார் கடைசியில். "என்ரை மானம் என்னாகிறது? ஊரிலை தம்பி என்ன நினைப்பான்?"

"அதுக்காகத் தவத்தின்ரை மானத்தை எடுத்தனீங்கள்."

"அவ மறுக்கேல்லையே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாந்தானே!"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வகுப்பில் நான் இதைக் கண்டிருக்கிறேன். களவெடுத்த பெரியவன் பழியைப் போடுவதற்குப் பக்கத்தில் இருக்கிற வாயாடியைத் தெரிந்தெடுக்கமாட்டான். திக்குவாய்ப் பிள்ளையாகப் பார்த்துத்தான் கைகாட்டுவான். கவுன்சில் கடிதங்களை வாசித்துச் சொல்கிற உன்னை அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக் கடிதத்தில் இருந்ததை இந்த வீட்டில் சொல்லாதவள் என்று தெரியும். நீ பதில் சொல்லமாட்டாய் என்பதற்காகவே உன்னைத் தெரிந்தெடுத்தார்.

"உங்கட செய்தியைப் போடுறன்" என்றேன். "ஒரு வசனம் சேர்க்கவேணும். 'தவமணி காட்டிக் கொடுக்கவில்லை. அது தெரிந்தும் நான் பொய் சொன்னேன்.' உங்கட கையெழுத்தோடை."

"ஆள் செத்துப் போச்சு. இனி உதுகளை ஏன் கிளறுறியள்?"

"நீங்கள் இன்னும் இருக்கிறியள்தானே."

அவர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். "முப்பத்தொண்டுக்குச் சங்க மண்டபம் கிடையாது. எங்கை வைச்சுச் சோறு போடுறியள் எண்டு பாப்பம்."

"பள்ளிக்கூட மண்டபம் எடுத்தாச்சு. கதவு திறந்துதான் இருக்கும், நீங்களும் வாங்கோ."

கதவு அடிபட்ட சத்தத்தில் சுவர்க் கடிகாரம் சரிந்தது. அந்தப் பிள்ளை கோப்பையை எடுத்துப் போய் அப்படியே சிங்கில் ஊற்றினாள். "கழுவுறது நீங்கள் பாருங்கோ ரீச்சர். அவர் குடிக்கிற கோப்பையை நான் இனிக் கழுவமாட்டன்" என்றாள். நானும் கழுவவில்லை. குப்பையில் போட்டேன். நல்ல கோப்பைதான், நீ தந்த செட்டில் ஒன்று. நீ கோபிப்பாய்.

நீ இருந்திருந்தால், "விடுங்கோ மச்சாள், அந்தாளும் கிழவனாப் போச்சு" என்றிருப்பாய். அதனால்தான் உன்னைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டேன். மறைப்பதற்கு உரிமை இருந்தவள் அவள்தானே. "எழுதுங்கோ. என்ரை பேரை மட்டும் விட்டிட்டு எழுதுங்கோ" என்றாள். உன் வாயைக் கட்டியிருந்த விதி என்னைக் கட்டாது. நான் கவுன்சிலில் வேலை செய்ததில்லை.

அச்சகத்துத் தம்பி நேற்று ரெலிபோன் எடுத்தான். "அம்மா, ஒரு பக்கத்திலை தலைப்புக் கிடக்கு, படம் கிடக்கு, கீழை ஒண்டுமில்லை. பிழையோ?"

"பிழையில்லைத் தம்பி. அப்பிடியே அடியுங்கோ."

வாசிக்கிறவர்கள் புரட்டிப் பாருங்கள். கடவுளுக்குப் பிறகு, ஐயருக்கு முன்னால். 'சங்கத் தலைவரின் அனுதாபச் செய்தி' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது, பொன்னாடைப் படம் இருக்கிறது. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருக்கிறது. அவர் எழுத வேண்டியதை எழுத இடம் விட்டிருக்கிறேன். பெயர் போடவில்லை, என் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன்.

தவம், இனி உனக்கு நான் தருகிற வாக்கைக் கேள். ஆண்டு முடிகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு இந்தப் பக்கத்தைத் திரும்ப அச்சடித்து ஊர்ச் சனம் எல்லோருக்கும் அனுப்புவேன், அடுத்த திவசத்துக்கும் அனுப்புவேன். படம் பழசாகும், பக்கம் வெறுமையாகவே வரும். அவர் தலைவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டு மேசையில் அவருக்காக அது காத்துக்கொண்டிருக்கும். எனக்கு எழுபது நெருங்குகிறது, நெஞ்சு கொஞ்சம் பலவீனம் என்று டொக்டர் சொல்கிறார். சொல்லட்டும். அந்த ஒரு வசனத்தை அவர் தன் கையால் எழுதித் தரும்வரை நான் உன்னிடம் வருவதாக இல்லை. அவசரப்பட்டுக் கூப்பிடாதே.

உனக்காகப் பழி வாங்காமல் சாகமாட்டாத,
உன் புருஷனின் தமக்கை, உன் மச்சாள்